குழந்தைகளிடம் பாடம் கேட்ட டாக்டர்

மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை வரலாறு

ஊருக்கு ஊர் "மாண்டிசோரி பள்ளி" என்று பெயர்ப் பலகை தொங்குகிறது. 3 வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் அங்கே போகிறார்கள். மாண்டிசோரி என்றால் ஏதோ ஒரு படிப்பின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு.

அது ஒரு பெண்மணியின் பெயர்.

அவர் இத்தாலி நாட்டில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர். பள்ளி ஆசிரியை ஆகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர்! ஆனால், உலகத்தில் உள்ள ஆசிரியைகளுக்கெல்லாம் அவரே ஆசிரியை ஆனார். நம் சென்னையிலும் கோடைக்கானலிலும் வாழ்ந்தார். ஊரார் குழந்தைகளுக்காகப் பாடுபட்ட அவர், தாம் பெற்ற பிள்ளையைப் பல ஆண்டுகள் பிரிந்திருந்தார்.

அவருடைய கதை இது.

பையன்கள் பள்ளியில் ஒரு பெண்

இத்தாலியில், அங்கோனா என்ற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில் கியாரவாலே என்று ஒரு சிற்றூர். அங்கே 1870-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி மரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ, அரசாங்க உத்தியோகஸ்தர். தாய் ரெனில்டே, படிப்பில் ஆசை உள்ளவர். மரியா அவர்களுக்கு ஒரே குழந்தை.

மரியா சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடியேறியது.

அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு ஏற்ற வேலை ஆசிரியை வேலைதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெற்றோரும் அதையே சொன்னார்கள். மரியா ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் கணக்கில் ஆசை அதிகம். என்ஜினீயர் ஆக வேண்டும் என்று, பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார்.

பிறகு மனம் மாறியது. டாக்டர் ஆக வேண்டும் என்றார்!

தந்தைக்குப் பிடிக்கவில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார். முதலில் விஞ்ஞானம் படித்து, அதன் பிறகு மருத்துவ வகுப்பில் இடம் பிடித்தார் மரியா.

இடம் கிடைத்தாலும் தொல்லை தீரவில்லை. பிணத்தை அறுத்துப் பாடம் படிக்க வேண்டும். ஆண்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் அதைப் பார்ப்பது தகாது என்றார்கள். ஆகவே, மற்ற மாணவர்கள் போன பிறகு அவர் தன்னந்தனியாக அந்த அறையில் வேலை செய்தார்.

1896-ம் ஆண்டு மரியா டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் டாக்டர் ஆன முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

வெறும் அறை

ரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளைப் பார்வையிட அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போவார்.

அங்கே குழந்தைகளும் இருந்தார்கள்! அவர்கள் பைத்தியம் அல்ல. மூளை வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகள். பேச்சு வராதவர்கள், கை கால் சரியாக இயங்காதவர்கள். அவர்களைத் தனியே வைத்துக் காப்பாற்ற வேறு இடம் இல்லை. இவர்களுக்கு எதுவும் வராது என்று முடிவு கட்டி, பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் அந்தக் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் பெண், மரியாவிடம் குறை சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள். அவ்வளவு பேராசை என்று அருவருப்போடு சொன்னாள்.

மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்கள். வேறு ஒன்றும் இல்லை. ஒரு பொம்மை கிடையாது. ஒரு குச்சி கிடையாது. கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க அந்த ரொட்டித் துணுக்கைத் தவிர எதுவுமே கிடையாது!

அவர்களுடைய பசி வயிற்றுப் பசி அல்ல என்று மரியாவுக்குப் பட்டது. கைகளுக்கு வேலை இல்லை. அதனால் அறிவும் பட்டினி கிடக்கிறது என்று எண்ணினார். இது மருந்தினால் தீரும் நோய் அல்ல, கல்வியினால் தீர வேண்டிய குறை என்ற முடிவுக்கு வந்தார்.

காட்டில் கிடைத்த சிறுவன்

இப்படி வேறு யாராவது எண்ணியது உண்டா? மரியா பழைய புத்தகங்களைத் தேடினார். பிரான்சு நாட்டு டாக்டர்கள் இருவரின் நூல்கள் கிடைத்தன.

ஒருவர் இட்டார். பிரான்சில் அவெய்ரோன் என்ற பகுதியில், காட்டில் தனியாகத் திரிந்த ஒரு சிறுவனை 1800-ம் ஆண்டு பிடித்தார்கள். அவனுக்குப் பேசத் தெரியாது. இவன் தேறமாட்டான் என்று பெரிய டாக்டர்கள் கைவிட்டார்கள். இட்டார் கைவிடவில்லை. அவனுக்கு விக்டர் என்று பெயர் வைத்து, சுமார் 5 ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். விக்டருக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் சில சொற்களை எழுத்தில் அடையாளம் கண்டான். அன்பு காட்டக் கற்றான்.

இன்னொருவர் செகுவின். இட்டாரிடம் பயின்றவர். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே நடத்தினார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், அங்கும் அந்தத் தொண்டைச் செய்தார்.

இந்த இருவரின் நூல்களையும் மரியா முதலிலிருந்து கடைசி வரை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்.

தைக்க முடியாத சிறுமி

1900-ம் ஆண்டு ரோம் நகரில், பின்தங்கிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அதோடு குழந்தைகளின் வகுப்பும் இருந்தது. மரியாவும், ஜுசெப்பே மாண்டசானோ என்ற டாக்டரும் அதன் இயக்குநர்கள்.

மரியா காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை குழந்தைகளோடு இருப்பார். இரவில் அன்று பார்த்ததையெல்லாம் எழுதி வைப்பார்.

அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி. கிழிந்த துணியில் இழை ஓட்டித் தைக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள். ஊசி ஒரு நூலுக்கு மேலே போக வேண்டும், அடுத்த நூலுக்குக் கீழே போக வேண்டும். எத்தனை முறை காட்டியும் அவளுக்கு வரவில்லை.

மரியா அவளைத் திட்டவில்லை. திரும்பத் திரும்ப ஊசியைத் திணிக்கவும் இல்லை. தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளைக் கொடுத்துச் சின்னப் பாய் பின்னச் சொன்னார். பட்டையும் ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழேதான் போக வேண்டும். ஆனால் பட்டை அகலமானது, கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படும்.

சிறுமி பாய் பின்னத் தேறினாள். அதன் பிறகு ஊசியைக் கொடுத்தார்கள். தைத்துவிட்டாள்!

மரியாவுக்கு ஒரு பெரிய உண்மை கிடைத்தது. ஒரு வேலை குழந்தைக்கு வரவில்லை என்றால், அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன அசைவு எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அசைவை வேறு எளிய வேலையால் கைக்குப் பழக்க வேண்டும். பிறகு பெரிய வேலை தானே வரும்.

பாடம் சொல்வதிலும் அவர் செகுவின் காட்டிய வழியைப் பின்பற்றினார். அதில் மூன்று படிகள். முதலில், பொருளைக் காட்டி, இது சிவப்பு, இது நீலம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, சிவப்பு எது என்று கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவதாகத்தான், ஒன்றைக் காட்டி, இது என்ன நிறம் என்று கேட்க வேண்டும். குழந்தை தவறினால் கோபிக்கக் கூடாது. பாடத்தை அன்றைக்கு நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பரீட்சை

இரண்டு ஆண்டுக் காலம் உழைத்தார். ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகள் சிலர், படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டு, மற்றப் பள்ளிக் குழந்தைகளோடு சமமாகப் பரீட்சை எழுதித் தேறினார்கள்!

எல்லாரும் அதிசயம் என்று பாராட்டினார்கள். மரியா வேறு விதமாக யோசித்தார். பின்தங்கிய குழந்தைகள் இவ்வளவு செய்யும்போது, நல்ல நிலையில் உள்ள குழந்தைகள் ஏன் இந்த அளவிலேயே நிற்கிறார்கள்? அவர்களை எது தடுக்கிறது? பள்ளிக்கூடங்களில் பெஞ்சில் அசையாமல் உட்கார வைத்து, பரிசுக்கும் அடிக்கும் பயந்து படிக்க வைப்பதுதான் காரணமா?

அந்தக் கேள்வி அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

பெற்ற பிள்ளை

இந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது.

மரியாவும் டாக்டர் மாண்டசானோவும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 1898-ம் ஆண்டு ஒரு மகன் பிறந்தான். மரியோ என்று பெயர். அவர்களுக்குக் கலியாணம் ஆகவில்லை. வெளியே தெரிந்தால் மரியாவின் வேலையும் பெயரும் போய்விடும். குழந்தையை ரோமுக்கு வெளியே கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள்.

வேறு யாரையும் மணப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் 1901-ம் ஆண்டு மாண்டசானோ வேறு ஒரு பெண்ணை மணந்தார். மரியா அந்தப் பள்ளியை விட்டே விலகினார்.

அவர் அவ்வப்போது கிராமத்துக்குப் போய் மகனைப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பார்த்துவிட்டுத் திரும்புவார். குழந்தையின் மனத்தை அறிந்தவர் என்று உலகம் கொண்டாடிய அம்மையாருக்கு, தம் குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதையும், முதல் சொல் பேசுவதையும் அருகிலிருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

குழந்தைகள் வீடு

ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஓர் ஏழைப் பகுதி. அங்கே பாழாய்க் கிடந்த கட்டடங்களை ஒரு நிறுவனம் பழுது பார்த்து, தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னக் குழந்தைகள் மாடிப்படியில் ஓடி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் கிறுக்கி வைத்தார்கள். ஒரு அறையில் குழந்தைகளைச் சேர்த்து வைத்துக் கவனித்தால் கட்டடம் பிழைக்கும் என்று நிறுவனத்தார் எண்ணினார்கள். அந்தப் பொறுப்பை மரியாவிடம் கொடுத்தார்கள்.

1907-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. "குழந்தைகள் வீடு" என்று அதற்குப் பெயர். ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். எல்லாரும் பள்ளிக்கூட வயது வராதவர்கள். பலர் பயந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பின்தங்கிய குழந்தைகளுக்காகச் செய்த சாமான்களை மரியா இவர்களுக்குக் கொடுத்தார். கவனித்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்தார். அவள் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. அதுவே நல்லது என்று நினைத்தார்.

பூட்டாத அலமாரி

ஒரு நாள் மரியா ஒரு சிறுமியைக் கண்டார். 3 வயது இருக்கும். ஒரு மரக்கட்டையில் பல அளவில் துளைகள். அவற்றில் பொருந்தும் உருளைகள். எடுப்பதும், சரியான துளையில் போடுவதுமாக இருந்தாள். ஓர் உருளையைத் தவறான துளையில் போட்டால், கடைசியில் ஒன்று மிஞ்சும். தவறை ஆசிரியை சொல்ல வேண்டாம்; கட்டையே சொல்லிவிடும்.

மரியா எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமி திரும்பவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கட்டையை மடியில் பிடித்துக்கொண்டு, வேலையைத் தொடர்ந்தாள்! 40 முறைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள். அவள் முகத்தில் களைப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் தெளிவாக இருந்தாள்.

இன்னொரு நாள் ஆசிரியை தாமதமாக வந்தாள். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டாள். குழந்தைகளே திறந்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வேலையில் இருந்தார்கள். திருட்டுப் புத்தி என்று ஆசிரியை எண்ணினாள். தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கக் குழந்தைகளுக்கு அறிவு வந்துவிட்டது என்று மரியா எண்ணினார். உயரமான அலமாரிக்குப் பதில், குழந்தைகளின் கைக்கு எட்டும் சிறிய அலமாரிகள் வந்தன.

மற்றொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். கைக்குட்டையை மடித்து, சத்தம் வராமல் மெதுவாகத் துடைத்துக் காட்டினார். குழந்தைகள் கை தட்டினார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று பெரியவர்கள் திட்டுவார்களே தவிர, எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் மரியாதையோடு சொல்லிக் கொடுத்ததில்லை.

எழுத்து வந்த விதம்

தையல் வராத சிறுமியை மரியா மறக்கவில்லை. எழுதுவதும் அப்படித்தானே! கை முதலில் பழக வேண்டும்.

உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் தடவி, அந்த எழுத்தின் ஒலியைச் சொன்னார்கள். கண் பார்த்தது; விரல் தொட்டது; காது கேட்டது. வேறு நேரத்தில் கோட்டுக்குள் வண்ணம் தீட்டிப் பென்சில் பிடிக்கப் பழகினார்கள். எழுது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு பையனிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கியின் படம் போடச் சொன்னார் மரியா. தரையில் போட்டான். போட்டவன் பக்கத்திலேயே ஒரு சொல்லை எழுதினான். எனக்கு எழுத வருகிறது என்று கூவினான்! மற்றவர்களும் ஓடி வந்து எழுதத் தொடங்கினார்கள். 4 வயது, 5 வயதுக் குழந்தைகள்!

ஒவ்வொரு திறமைக்கும் ஒரு பருவம் உண்டு என்று மரியா இதிலிருந்து கண்டார். பேச்சுக்கு ஒரு பருவம், ஒழுங்குக்கு ஒரு பருவம், தொட்டு அறிய ஒரு பருவம். அந்தப் பருவத்தில் குழந்தை அந்த வேலையைத் தானே தேடும். ஆசிரியையின் முதல் வேலை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. குழந்தை தானே செய்யக்கூடிய வேலையில் கை வைக்கக் கூடாது.

புகழும் பகையும்

1909-ம் ஆண்டு மரியா தம் முறையைப் புத்தகமாக எழுதினார். பல மொழிகளில் வந்தது. 1913-ல் அமெரிக்கா அவரை வரவேற்றது. அதே ஆண்டில்தான், தாயை இழந்து வருந்திய மரியாவிடம் மரியோ வந்து சேர்ந்தான். அவனுக்கு அப்போது 15 வயது. பல காலம் அவனை உறவுக்காரப் பையன் என்றே வெளியில் சொன்னார்கள்.

எதிர்ப்பும் வந்தது. குழந்தைகளின் கற்பனைக்கு இந்த முறையில் இடம் போதாது என்று அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1914-ல் எழுதினார். அங்கே அந்த முறை மங்கி, 1960-க்குப் பிறகே மறுபடியும் தழைத்தது.

இத்தாலியில் முசோலினி முதலில் அவரை ஆதரித்தார். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். ஆனால் முசோலினிக்குக் கட்டளைக்குப் பணியும் சின்னப் படைவீரர்கள் வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. அங்கே மாண்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் ஸ்பெயினிலிருந்தார். 1936-ல் அங்கு உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஹாலந்துக்குப் போனார்.

அடையாற்றில் அம்மையார்

1931-ல் லண்டனில் காந்தியடிகள் மாண்டிசோரி அம்மையாரைச் சந்தித்திருந்தார். 1939-ல் அம்மையாரே இந்தியாவுக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைத்திருந்தார். மரியோவும் கூட வந்தார். அம்மையாருக்கு அப்போது 69 வயது.

அடையாற்றில் 300-க்கு மேற்பட்டவர்கள் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தது. ஆங்கில அரசாங்கத்துக்கு இருவரும் எதிரி நாட்டார் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு சபையின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. அன்று அரசாங்கம் மரியோவை விடுதலை செய்தது. பிறந்த நாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பித் தருகிறோம் என்ற பொருளில் செய்தி வந்தது. 42 ஆண்டுகளாக மறைத்து வைத்த உறவு அரசாங்கத்துச் செய்தியிலேயே வெளிப்பட்டது!

பிறகு இருவரும் கோடைக்கானலில் தங்கினார்கள். சின்னப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து செடி கொடிகளையும், பூச்சிகளையும் பார்த்துப் படித்தார்கள். 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் கல்வியைப் பற்றிய எண்ணங்கள் அங்கே உருவாயின. 1944-ல் அம்மையார் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

பச்சைக் குழந்தைகளைப் பற்றியும் அவர் ஆழ்ந்து எண்ணியது இந்தக் காலத்தில்தான். ஆசிரியரும் இல்லாமல், புத்தகமும் இல்லாமல் குழந்தை தாய்மொழியைக் கற்றுக்கொள்கிறது. சுற்றிலும் உள்ளதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் மனம் அதற்கு முதல் 6 ஆண்டுகளில் இருக்கிறது என்றார். அந்தக் கருத்தைச் சொல்லும் அவருடைய நூல் 1949-ம் ஆண்டு சென்னையில்தான் அச்சாகி வெளிவந்தது.

கடைசி நாள்

1949-க்குப் பிறகு அவர் ஹாலந்தில் வாழ்ந்தார். 1952-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில், மரியோ அருகில் இருக்க, 81-ம் வயதில் காலமானார். ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி அந்த நாட்களில்கூடப் பேசிக்கொண்டிருந்தார். தாயின் வேலையை மரியோ 1982-ல் தாம் இறக்கும் வரை நடத்தினார்.

அம்மையாரை வெளியேறச் செய்த இத்தாலி, பிற்காலத்தில் தன் 1,000 லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுப் பெருமைப்படுத்தியது.

அவருடைய பெயரைப் பலகையில் எழுதுவது எளிது. பல நாடுகளில் அதற்குத் தடை இல்லை. குழந்தையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பலகையைப் பார்த்தால் போதாது. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். சாமான்கள் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா? குழந்தை ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும்போது ஆசிரியை குறுக்கிடாமல் இருக்கிறாரா? மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு, ஊசிக்கு முன்னால் காகிதப் பட்டையைக் கொடுக்கும் பொறுமை அங்கே உண்டா?

அவை இருந்தால், பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் அது அம்மையாரின் பள்ளிதான்.